எல்லா நாளும் ஒரே வேகம்: இரண்டுங்கெட்டான் ஓட்டத்தில் இருந்து எப்படி வெளியே வருவது?

வைகைத் தென்கரை
ஜூன் 14, இரவு 9.20

வணக்கம். வயது 43, வீடு மதுரை கோச்சடை. ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறேன். வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 45 கிலோமீட்டர் வரும். செவ்வாய், வியாழன் ரேஸ்கோர்ஸ் மைதானம். ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம், பெரும்பாலும் அழகர்கோயில் சாலை. மற்ற இரண்டு நாளும் வீட்டைச் சுற்றியே.

கடைசியாக ஓடிய மூன்று அரை மாரத்தானிலும் 2 மணி 4 நிமிடம். நொடிகள் மட்டும்தான் மாறுகின்றன. இரண்டு ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கிறேன். ஜனவரிக்குள் 1 மணி 55 நிமிடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசை.

பயிற்சியில் எல்லா நாளும் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், சில நாள் 5:50. அதைவிட மெதுவாகப் போனால் அன்றைய ஓட்டமே வீண் என்று மனம் சொல்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது கால் கனக்கிறது, குதிகால் பிடிக்கிறது. நான் சோம்பேறி இல்லை. ஒரு நாளும் என்னை நானே ஏமாற்றியதில்லை. இன்னும் எங்கே உழைப்பைக் கூட்டுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தெப்பக்குளம் சுற்று
ஜூன் 14, இரவு 10.05

2 மணி 4 நிமிடத்தை 21.1 கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள் அண்ணே. கிலோமீட்டருக்கு 5:53 வரும். பயிற்சியில் 6:00. பந்தயத்துக்கும் பயிற்சிக்கும் இடையில் ஏழே நொடி. நீங்கள் வாரத்துக்கு ஐந்து பந்தயம் ஓடுகிறீர்கள். கூட்டுவதற்கு இடமே இல்லை, குறையுங்கள்.


திடல் ஆசிரியர்
ஜூன் 15, காலை 7.40

உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், காலை வேளையில் காவலர் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் பதிவில் “ஒரு நாளும் என்னை நானே ஏமாற்றியதில்லை” என்று ஒரு வரி இருக்கிறதே, பிரச்சினை அங்கேதான். உழைப்பைச் சிரமத்தால் அளக்கிறீர்கள். உடல் அப்படி அளப்பதில்லை.

ஓட்டத்தின் கடுமைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதல் எல்லைக்குக் கீழே ஓடும்போது தசையில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் உடனுக்குடன் எரிபொருளாகச் செலவாகிவிடும். இரத்தத்தில் அதன் அளவு கிட்டத்தட்ட ஓய்வு நிலையிலேயே இருக்கும். இரண்டாவது எல்லையைத் தாண்டினால் செலவாவதைவிட வேகமாகத் தேங்கும். ஆய்வகத்தில் இவற்றை லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமோல், 4 மில்லிமோல் என்று குறிப்பார்கள், ஆளுக்கு ஆள் மாறும். ஆய்வகம் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். ஓடிக்கொண்டே, நேற்று வீட்டில் என்ன குழம்பு, யார் வைத்தார்கள், உப்பு சரியாக இருந்ததா என்று பக்கத்தில் வருபவரிடம் திணறாமல் சொல்ல முடிந்தால் முதல் எல்லைக்குக் கீழே இருக்கிறீர்கள். நாலைந்து சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுத்தால் நடுவில் இருக்கிறீர்கள். “ம்” மட்டும் வந்தால் மேல் எல்லையைக் கடந்தாகிவிட்டது.

உங்களுடைய 6:00 இந்த நடுவில் கிடக்கிறது. நான் அதை இரண்டுங்கெட்டான் வேகம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். மறுநாள் கால் கனக்கும் அளவுக்குக் கடுமை, ஆனால் வேகத்தைக் கூட்டும் அளவுக்குக் கடுமை இல்லை. நடுவேகம் பாவம் என்று சொல்லவில்லை. அதற்கென்று ஒரு நாள் வேண்டும். ஐந்து நாளையும் அதுவே தின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

மெதுவான ஓட்டத்தில் நடக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாது. ஒரு துடிப்புக்கு இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசை நார்களைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகுகின்றன. தசைக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. கொழுப்பை எரிக்கப் பழகுவதால் தசையில் இருப்பாக உள்ள மாவுச்சத்தான கிளைகோஜன் கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு மிச்சமாகிறது. இதற்கெல்லாம் மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்க மறுநாளும் ஓடக்கூடிய கால் வேண்டும்.

நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், படகுவலிப்பவர், பனிச்சறுக்கு வீரர், ஓட்டக்காரர் என்று உலகத் தரத்தில் இருப்பவர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்தார். பத்துப் பயிற்சியில் எட்டு, முதல் எல்லைக்குக் கீழே. இந்த எட்டு என்பது பயிற்சிகளின் எண்ணிக்கை. நிமிடக் கணக்கில் பார்த்தால் மெதுவான பங்கு இன்னும் அதிகம். அவருக்கு வெகு காலம் முன்பே நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெல்லை வாரம் 160 கிலோமீட்டர் அளவுக்கு ஓட வைத்தார். ஸ்னெல் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம், 1964இல் டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத பந்தயத்துக்கு அவ்வளவு தூரம்.

உங்களுக்கு ஐந்து நாள். நாலு நாள் குழம்பு பேசும் வேகம், ஒரு நாள் கடுமை. செவ்வாய் மட்டும் ரேஸ்கோர்ஸ் போங்கள். 15 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடேற்றிவிட்டு, நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு என்ற அளவில் 8 நிமிடம், பிறகு 2 நிமிடம் மெல்லோட்டம். இப்படி நாலு முறை. நாலாவது முறையும் முதல் முறை போன தூரமே போக வேண்டும். முடித்ததும் “இன்னொன்று ஓடலாம்” என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் அதிகமாகப் போய்விட்டீர்கள்.


நாகமலை மேற்கு
ஜூன் 15, பகல் 1.15

ஆசிரியர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் மறுக்க வேண்டும். அந்த வீரர்கள் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பயிற்சி செய்கிறவர்கள். அவர்களுடைய இரண்டு பங்கு கடுமையே நம்முடைய முழு வாரத்துக்குச் சமம். வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் மூன்று நாள் மட்டும் ஓடுகிறவர் எட்டுக்கு இரண்டு என்று பிடித்துக்கொண்டால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் கடுமையாக ஓடுவார். நான் வாரம் மூன்று நாள்தான் ஓடுகிறேன், அதில் ஒன்று நடுவேகம், ஒன்று மெதுவான நெடுந்தூரம், ஒன்று கலப்பு. எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

இன்னொன்று, நார்வேக்காரர்களே இப்போது நடுவேகத்தைக் கொண்டாடுகிறார்கள். டோக்கியோவில் 2021இல் நடந்த ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3:28.32இல் வென்ற ஜேக்கப் இங்கெப்ரிட்சன், காலையும் மாலையும் ஒரே நாளில் எல்லைவேக ஓட்டம், அதாவது இரண்டாவது எல்லையை ஒட்டிய வேகம், ஓடி வளர்ந்தவர்.


திடல் ஆசிரியர்
ஜூன் 15, மாலை 6.50

நாகமலைத் தம்பி சொல்வது நியாயம். மூன்று நாள் ஓடுபவருக்கு இடையிடையே ஓய்வு நாள் கிடைத்துவிடுகிறது, அதனால் நடுவேகத்தின் பங்கு கூடினாலும் உடல் தாங்கும். கேள்வி கேட்டவர் ஐந்து நாள் ஓடுகிறார், குதிகால் வேறு பிடிக்கிறது.

நார்வே முறையைப் பற்றி ஒரு சொல். அவர்கள் சுற்றுகளுக்கு நடுவே விரலிலோ காதுமடலிலோ ஒரு துளி இரத்தம் எடுத்து லாக்டேட் பார்ப்பது எதற்காக? வேகம் போதுமா என்று பார்க்க மட்டுமல்ல, வேகம் மிஞ்சிவிட்டதா என்று பார்க்கவும்தான். மிஞ்சினால் குறைத்துக்கொள்வார்கள். கடுமையான நாளுக்கும் அவர்கள் மூக்கணாங்கயிறு போட்டிருக்கிறார்கள்.

என் பிள்ளைகளிடம் நான் தினமும் பார்ப்பது இதன் நேர் எதிர். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே மைதானத்துக்கு வந்து, தினமும் அந்த 1500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். முதல் வாரம் 7:40, இரண்டாம் வாரம் 7:20, மூன்றாம் வாரம் 7:25, நாலாம் வாரம் கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை பிள்ளைகளை அப்படிப் பார்த்துவிட்டேன். வீட்டில் ஒருவரை நம்பி நாலு பேர் இருப்பார்கள். அந்தப் பிள்ளையிடம் “இன்று மெதுவாக ஓடு” என்று சொன்னால், சார் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்பது போல் பார்ப்பான். 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 1:52. வாரம் ஒரு நாள் 1:50இல் ஐந்து சுற்று, நடுவே இரண்டு நிமிடம் நடை. மற்ற நாள்களில் 30, 40 நிமிடம் பேசிக்கொண்டே ஓட்டம். முழு 1500 மீட்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும். இதைக் கேட்டு நடந்த பிள்ளைகளுக்கு எலும்பு வலி குறைவு, நேரமும் வந்தது.


வைகைத் தென்கரை
ஜூன் 18, காலை 8.10

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் முயன்று பார்த்தேன், முடியவில்லை. கைக்கடிகாரம் என் இலகு எல்லை 106 முதல் 124 துடிப்பு வரை என்கிறது. பாலத்தில் ஏறினாலே 130. 124க்குள் வைக்க வேண்டும் என்றால் நடக்கத்தான் வேண்டும். நேற்று ஓடத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்திலேயே 172 என்று காட்டியது, ஆனால் மூச்சு வாங்கவே இல்லை. எனக்கு இதயத்தில் ஏதாவது கோளாறா?


தெப்பக்குளம் சுற்று
ஜூன் 18, காலை 9.30

அந்த 172 உங்கள் இதயமாக இருக்காது அண்ணே, காலடியாக இருக்கும். மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி அளக்கும் கடிகாரங்கள் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியின் அதிர்வைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170க்கு அருகில் காலடி வைக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மார்புப் பட்டை ஒன்று வாங்குங்கள், வித்தியாசம் முதல் நாளே தெரியும். நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு இருந்தால் மட்டும் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த 124 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 220இல் இருந்து வயதைக் கழித்து உங்கள் உச்சத் துடிப்பு 177 என்று எடுத்துக்கொண்டு, அதில் 60, 70 சதவீதம் போட்டிருக்கிறது. 208இல் இருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் டனாகா சூத்திரம் போட்டாலும் உங்களுக்கு 178தான் வரும். இரண்டு சூத்திரமும் ஒரே எண்ணைச் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. சூத்திரம் பெருங்கூட்டத்தின் சராசரியைச் சொல்கிறது, தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். உங்கள் அரை மாரத்தான் பதிவுகளில் கடைசி 400 மீட்டரைப் பாருங்கள், அங்கே எவ்வளவு காட்டுகிறது?


வைகைத் தென்கரை
ஜூன் 18, பகல் 12.40

188. இரண்டு பந்தயத்தில் அதே எண், ஒன்றில் 187. படுக்கையில் இருந்து எழும் முன் 60.


தெப்பக்குளம் சுற்று
ஜூன் 18, பகல் 1.05

அப்படியானால் 188ஐ உச்சமாக வைத்து, ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துப் பார்க்கும் கார்வோனன் கணக்கு போடுங்கள். 188இல் 60ஐக் கழித்தால் 128. அதில் 60 சதவீதம் 77, அத்துடன் ஓய்வுத் துடிப்பு 60, மொத்தம் 137. அதே போல 70 சதவீதத்துக்கு 150. உங்கள் இலகு ஓட்டம் 137க்கும் 150க்கும் இடையில். 124 என்று பிடித்துக்கொண்டு எத்தனை பேர் ஒரே வாரத்தில் மனம் வெறுத்துப் பழைய வேகத்துக்கே திரும்பிவிடுகிறார்கள் தெரியுமா! 150ஐயும் கல்லில் செதுக்கியதாக நினைக்க வேண்டாம். ஆசிரியர் சொன்ன பேச்சுச் சோதனையும் இந்த எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முரண்பட்டால் பேச்சை நம்புங்கள்.


கிரிவலப் பாதை
ஜூன் 19, காலை 6.55

திருப்பரங்குன்றத்தில் ஓடுகிறேன். பெண்களுக்காக இரண்டு விஷயம் சேர்க்கிறேன், ஆண்களும் படிக்கலாம்.

போன ஆண்டு எனக்கும் இதே சிக்கல். எவ்வளவு மெதுவாக ஓடினாலும் துடிப்பு 160. ஆறு மாதம் “உடற்தகுதி போதவில்லை” என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னும் கடுமையாக ஓடினேன். கடைசியில் இரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் 9.8. ஆக்சிஜனைச் சுமக்க ஆள் குறைவு, அதனால் இதயம் கூடுதல் நடை நடந்திருக்கிறது. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, கூடவே மூன்று மாதப் பொறுமை. அதே பாதையில் அதே வேகத்துக்கு இப்போது 146. மெதுவாக ஓட முடியாத உடம்பு ஏதோ சொல்ல வருகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தங்கைகள் தயவுசெய்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் உடல் வெப்பம் சற்று ஏறுவதால் துடிப்பும் சில எண்கள் கூடும். அந்த வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

அடுத்து, நம் ஊர் வெயில். குளிர்நாட்டில் எழுதிய அட்டவணையில் இருக்கும் வேகத்தை மதுரையில் ஜூன் மாதம் ஓடினால் அது வேறு பயிற்சி. தோலைக் குளிர்விக்க இரத்தம் வெளிப்பக்கம் போகிறது, வியர்வையில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, ஒரு துடிப்புக்கு வெளிவரும் இரத்தம் குறைய, இதயம் எண்ணிக்கையில் ஈடுகட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே வேகத்தில் ஓடியபோது முதல் பாதி சராசரி 141, இரண்டாம் பாதி 152. கால் வேகம் மாறவில்லை, கடுமை மாறிவிட்டது. ஆகவே இரண்டாம் பாதியில் வேகத்தை விட்டுக்கொடுங்கள். நாலரை மணிக்குக் கிளம்பினால் ஆறு மணி வெயில் வரும்முன் முடித்துவிடலாம். வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும், அதுவரை கடுமையான பயிற்சியே வேண்டாம்.


வைகைத் தென்கரை
ஜூலை 6, இரவு 9.45

மூன்று வாரம் ஆகிறது. மார்புப் பட்டை வாங்கிவிட்டேன். 145 துடிப்பில் என் வேகம் கிலோமீட்டருக்கு 7:35. உண்மையைச் சொல்கிறேன், மனம் கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகளாகக் கூட ஓடிய நண்பர்கள் முதல் கிலோமீட்டரிலேயே மறைந்துவிடுகிறார்கள். நேற்று மைதானத்தில் வேகநடை போகும் பெரியவர் ஒருவர் என்னைக் கடந்துவிட்டு, “காலில் அடியா தம்பி?” என்று அக்கறையாக விசாரித்தார். வீட்டுக்கு வந்தும் அது மறக்கவில்லை. குதிகால் பிடிப்பு மட்டும் போய்விட்டது, அதை மறைக்கக் கூடாது.


தெப்பக்குளம் சுற்று
ஜூலை 6, இரவு 10.30

குதிகால் சரியானதைக் கடைசி வரியில் போட்டுவிட்டீர்களே அண்ணே, அதுதான் முதல் செய்தி!

கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லின் மாரத்தானை 2:01:09இல் ஓடியது கிலோமீட்டருக்கு 2:52 என்ற வேகம். அவரே இலகு நாளில் கிலோமீட்டருக்கு 4 நிமிடத்தைத் தாண்டிய வேகத்தில் ஓடுகிறார். அதே விகிதத்தை உங்கள் 5:53க்குப் போட்டால் 8 நிமிடத்துக்கு மேல் வருகிறது. நீங்கள் 7:35.

கூட்டத்தோடு ஓடுவதுதான் பெரிய பொறி. கூட்டத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது அன்றைக்கு யார் நன்றாகத் தூங்கினாரோ அவர்தான். நான் இலகு நாளுக்குத் தெப்பக்குளம் வந்துவிடுவேன். ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டர் அளவில் வரும், நடக்கிறவர்கள்தான் அதிகம், போட்டி போட ஆள் இல்லை. கடிகாரத்தில் வேகம் காட்டும் திரையையே எடுத்துவிட்டேன்.


திடல் ஆசிரியர்
ஜூலை 7, காலை 7.15

தம்பி, கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பயிற்சியாளர் திட்டமிட்ட கடுமையையும் வீரர்கள் உண்மையில் உணர்ந்த கடுமையையும் ஒப்பிட்டார். இலகு நாளில் சொன்னதைவிடக் கடுமையாக ஓடியிருக்கிறார்கள். கடுமையான நாளில் சொன்னதைவிட இலகுவாக ஓடியிருக்கிறார்கள். எல்லாம் நடுவில் வந்து சேர்ந்துவிட்டது. மனிதர் எல்லோருக்கும் இருக்கும் இழுப்பு இது, உங்களுக்கு மட்டும் இல்லை.

அவருடைய எளிய முறையையே நீங்களும் பயன்படுத்துங்கள். ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து, அன்றைய ஓட்டம் மொத்தமாக எவ்வளவு கடினம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண். அதை நிமிடங்களால் பெருக்குங்கள். 45 நிமிடம், மதிப்பெண் 3 என்றால் 135. ஒரு நோட்டில் வாரவாரம் கூட்டி எழுதுங்கள். இலகு நாளில் 5 என்று எழுத வேண்டி வந்தால் அன்று இலகு நாள் இல்லை. நோட்டு எழுதும் பிள்ளைகள்தான் என்னிடம் நிலைத்தார்கள்.

அந்தப் பெரியவரிடம் அடுத்த முறை, இன்று மெதுவாக ஓடும் நாள் ஐயா என்று சொல்லிவிடுங்கள். அவரும் உங்களோடு பேசிக்கொண்டே வரட்டும், பேச்சுச் சோதனைக்கு ஆள் கிடைத்தார்.


வைகைத் தென்கரை
செப்டம்பர் 21, காலை 8.35

பதினான்கு வாரம் முடிந்தது. வாரத் தூரம் 45இல் இருந்து 56 ஆகியிருக்கிறது, அதுவும் தானாக. நாலு இலகு நாள், செவ்வாய் மட்டும் கடுமை. இரண்டு முறை ஆசைப்பட்டு வியாழனும் வேகமாக ஓடினேன், இரண்டு முறையும் அடுத்த செவ்வாய் மூன்றாவது சுற்றிலேயே தளர்ந்துவிட்டேன். நோட்டில் அது அப்படியே இருக்கிறது.

தெப்பக்குளத்தில் 145 துடிப்புக்கு 7:35 இருந்தது, இன்று 6:52. செவ்வாய் எட்டு நிமிடச் சுற்றுகள் முன்பு 5:45 வேகத்தில் போயின, இப்போது அதே மூச்சுக்கு 5:26. நேற்று முன்தினம் கட்டிலை விட்டு இறங்கி நேராக மாடிப்படி ஏறிப்போய்த் துணி எடுத்து வந்த பிறகுதான், கால் கனக்கவில்லையே என்று உறைத்தது. அந்தப் பெரியவர் இப்போது வியாழக்கிழமைத் துணை. மீனவர் தெருவில் மீன் குழம்பு வைக்கும் முறை முழுவதும் கேட்டு முடித்துவிட்டேன்.

1:55 கிடைக்குமா ஐயா?


திடல் ஆசிரியர்
செப்டம்பர் 21, இரவு 8.20

மிகவும் மகிழ்ச்சி தம்பி. ஆனால் 43 நொடியையும் உங்கள் கணக்கில் எழுத மாட்டேன். ஜூலை முதல் வாரம் மழை இல்லாத புழுக்கம். நேற்று இரவு மழை பெய்து இன்று காலை குளிர்ந்திருந்தது. குளிர்ந்த காலை மட்டுமே பத்து இருபது நொடி கொடுத்துவிடும். ஜூலையில் ஓடியது போல வெப்பம் இருக்கும் ஒரு நாளில், அதே தெப்பக்குளம், அதே நேரம், அதே மார்புப் பட்டை, 145இல் எட்டுச் சுற்று ஓடி எழுதுங்கள். அதில் 7:10க்குள் வந்தாலே எனக்குப் போதும்.

1:55க்குக் கிலோமீட்டருக்கு 5:27 வேண்டும். செவ்வாய் சுற்று 5:26இல் போகிறது என்றால் இன்னும் சற்று வேலை மிச்சம் இருக்கிறது. அந்த வேகத்தில் 32 நிமிடம்தான் ஓடுகிறீர்கள், அதுவும் நடுவே மூச்சு விட்டுக்கொண்டு. மார்கழி வரை செவ்வாயை அப்படியே வைத்துக்கொண்டு, ஞாயிறு நெடுந்தூரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கடைசி 4 கிலோமீட்டரை மட்டும் நாலு சொல் மூச்சுக்குக் கொண்டுவாருங்கள். வியாழன் பெரியவருடையது, அதைத் தொட வேண்டாம்.


வைகைத் தென்கரை
செப்டம்பர் 29, காலை 7.50

மழை விட்டு நாலு நாள் ஆகிறது, இன்று நல்ல புழுக்கம். தெப்பக்குளம், எட்டுச் சுற்று, சராசரி 145. கிலோமீட்டருக்கு 7:04.